சாக்கு

ஏப்ரலில் ஔலு நகரம்
பனிக்காலத்தில் சாலையெங்கும் தூவிய சரளையை
இன்னும் கூட்டி முடிக்கவில்லை.
காலணிக்குள் ஒரு கல் புகுந்து
கடைவரைக்கும் என்னோடு நொண்டியது.

ரைலியின் பழைய சைக்கிள் கடை.
பின்கட்டில் இரண்டு வண்டிகள்.
சைக்கிளுக்குப் பின்னால் பூட்டி இழுக்கும்
மஞ்சள் கூண்டு ஒன்று, முதுகில் கொடி,
இருக்கையின் இடுக்கில் யாரோ ஒரு பிள்ளை
விட்டுப்போன பிஸ்கட் துகள்.
பக்கத்தில்
ஓடிக்கொண்டே தள்ளும் மூன்று சக்கர வண்டி.
முன்சக்கரம் திரும்பாது,
ஓடும்போது திரும்பவும் கூடாது.
கைப்பிடியிலிருந்து ஒரு பட்டை தொங்கியது,
மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள.

இரண்டுமாக மாறும் வண்டியும் உண்டாம்.
எங்கள் இரண்டு மாத வாடகை.
விலையைச் சொல்லிவிட்டு ரைலி மூக்கைத் துடைத்தாள்.
நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.

"நீதான் ஓடுகிறவள்,
தள்ளுவதையே வாங்கலாம்" என்றான் யல்மரி,
பெரிய மனதோடு.
"நீ வேலைக்குத் தினமும் சைக்கிளில் போகிறாய்,
கூண்டுதான் உனக்குத் தோது" என்றேன்,
அவனுக்குக் குறையாத பெரிய மனதோடு.

அவன் கணக்கு எனக்குத் தெரியும்.
வாரம் மூன்று நாள் நான் ஓடினால்
பிஹ்லாவும் என்னோடு ஓடுவாள்.
வீட்டில் அவன், ஒரு கோப்பைக் காப்பி,
கதவு சாத்திய பிறகு வருகிற அந்த அமைதி.
என் கணக்கும் அதேதான்.
காப்பிக்குப் பதில் ஆற்றங்கரை,
பாலங்களைத் தாண்டி நாற்பது நிமிடம்,
யாரும் என் மேல் ஏறாத நாற்பது நிமிடம்.

பத்து மாதமாய் விட்டுக்கொடுத்தே பழகியவர்கள்.
விட்டுக்கொடுப்பதிலும் ஒரு களவு உண்டென்று
அன்றுதான் பிடிபட்டோம்,
கையும் களவுமாக, இருவருமே.

"ஒரு வயது முடியட்டும், அதற்கு முன் வேண்டாம்"
என்று செவிலி சொல்லியிருந்தாள்.
பிஹ்லா கடைவாசலில், குளிரில்,
சாதாரணத் தள்ளுவண்டிக்குள்
மூக்கு சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்,
இந்த ஊர்க் குழந்தைகள் தூங்குவதுபோல.
அவளுக்குப் பதில்
ரைலி ஒரு சாக்கைத் தூக்கி வந்தாள்:
பத்து கிலோ உருளைக்கிழங்கு.
ஏற்கெனவே எங்களிடம்
ஆளுக்கொரு சாக்கு இருந்ததை
அவள் கவனித்திருப்பாள்.

முதலில் நான்.
பட்டையை மாட்டிக்கொண்டு
கடைக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தைச் சுற்றினேன்.
சக்கரம் இடப்பக்கம் இழுத்தது.
கை வீச முடியவில்லை.
ஓட்டத்தில் பாதி கைதான் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
முன்னால் வைத்துத் தள்ளியும்
கண்ணில் பட்டதெல்லாம் கூரைத் துணி.
சாக்கு தெரியவே இல்லை.

பிறகு அவன்.
கொக்கியை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து,
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்து, ஏறினான்.
பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தான்.
பள்ளத்தில் இறங்கினான், திரும்பிப் பார்த்தான்.
குப்பைத்தொட்டி அருகே வளைக்கும்போது
தலையை முழுக்கத் திருப்பி
சுவரில் மோதப் பார்த்தான்.
ஒரே சுற்றில் ஒன்பது முறை. எண்ணினேன்.
உருளைக்கிழங்குக்கு!

"ஒரு கண்ணாடி மாட்டித் தருகிறேன்" என்றாள் ரைலி,
"இல்லாவிட்டால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்."

கூண்டையே வாங்கினோம், கொடியோடு, துகளோடு.
யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.
சாக்கையும் எங்கள் தலையில் கட்டிவிட்டாள்.
இரண்டு வாரம் உருளைக்கிழங்கே தின்றோம்.

ஜூன்.
பிஹ்லாவுக்கு ஒரு வயதும் நான்கு நாளும்.
தலைக்கவசத்தைக் கழற்ற மூன்று முறை முயன்றாள்,
நான்காவதில் தூங்கிப்போனாள்.
யல்மரி மெல்ல மிதிக்கிறான்.
முதல் பாலத்தில் பிரிந்து
நான் எதிர்த்திசையில் ஓடுவதாகத்தான் பேச்சு.
அந்தப் பாலம் எப்போதோ போய்விட்டது.
கூண்டின் பக்க ஜன்னலுக்கு நேராக ஓடினால்
முகம் தெரிகிறது,
வாயோரம் கவசத்தின் நாடா, ஈரமாக.
என் இரண்டு கைகளும் வீசுகின்றன.

"தூங்குகிறாளா?" என்கிறான் கண்ணாடியைப் பார்த்து.
அந்தக் கண்ணாடியில் கொடி மட்டும்தான் தெரியும்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி,
"தூங்குகிறாளா?"

"உருளைக்கிழங்கு தூங்குகிறது" என்கிறேன்,
"நீ ரோட்டைப் பார்."